புத்தம் வீட்டின் இருள்: ஹெப்சிபா ஜேசுதாசனும் மகளிர் கோதிக் மரபும்

பெயர் புத்தம் வீடு. ஆனால் நாவலுக்குள் நாம் நுழையும்போது அந்த வீடு பழசாகிவிட்டது. என்றோ புதிதாகக் கட்டியபோது ஊரார் வாயில் ஏறிய பெயர், செல்வம் கரைந்த பிறகும் இறங்காமல் நிற்கிறது. ‘கண்ணப்பச்சி’ என்று அழைக்கப்படும் முதியவர் பழம்பெருமையைக் காத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மூத்த மகன் குடிகாரன். உள்ளே பேத்தி லிஸி இருக்கிறாள். வயதுக்கு வந்ததும் அவளுடைய படிப்பு நின்றது, வெளி நடமாட்டமும் நின்றது. சிறுவயதில் பழகிய தங்கராஜ் பனையேறி வீட்டுப் பிள்ளை. இருவருக்கும் நடுவே வீடு நிற்கிறது.

1964இல் வெளிவந்த ‘புத்தம் வீடு’ திருவனந்தபுரத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த ஒரு பெண் எழுதிய முதல் நாவல். அறுபது ஆண்டுகளாக நாம் இதை வட்டார நாவல் என்ற பெயரில் படித்துவருகிறோம். அந்தப் பெயர் இந்த நாவலுக்குப் போதுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியப் பெண்கள் வளர்த்தெடுத்த கோதிக் நாவல் மரபின் அருகில் இதை வைத்தால் என்ன தெரியவருகிறது, எது ஒட்டாமல் போகிறது என்று பார்க்கலாம்.

எழுதியவர்

ஹெப்சிபா ஜேசுதாசன் 1925இல் பர்மாவில் பிறந்தவர். வேர் தென் திருவிதாங்கூர். திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். கணவர் சி. ஜேசுதாசன் அதே நகரில் பல்கலைக்கழகக் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர். இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு 1961இல் வெளிவந்தது. பின்னாளில் ஹெப்சிபா தனியாக ‘கவுன்ட்டவுன் ஃப்ரம் சாலமன்’ என்ற நான்கு தொகுதி இலக்கிய வரலாற்றை எழுதி முடித்தார். ‘டாக்டர் செல்லப்பா’, ‘அனாதை’, ‘மா-னீ’ ஆகியவை அவருடைய மற்ற நாவல்கள். விளக்கு விருது பெற்றார். 2012இல் மறைந்தார்.

இந்த வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் இலக்கிய வரலாறு வருகிறது, மூன்றாண்டு கழித்து நாவல் வருகிறது. சங்க அகப்பாடல்களிலிருந்து தற்காலம் வரை தமிழ் இலக்கியத்தை ஒருமுறை முழுதாக நடந்து கடந்துவிட்டுத்தான் அவர் லிஸியின் கதைக்கு வந்தார். பகலில் வகுப்பறையில் ஆங்கில இலக்கியம், வீட்டில் தமிழ் இலக்கிய வரலாறு. இந்த இரண்டு படிப்பும் நாவலில் எங்கே போயின என்று விமரிசனம் கேட்கவேயில்லை. அவர் தம் ஊரைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார் என்பது போன்ற ஒரு பாவனை நம்மிடம் இருக்கிறது. ஆண் எழுத்தாளர் ஒருவர் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தால் நாம் உடனே அவருடைய வாசிப்பைத் துருவிப் பார்ப்போம். இதே நகரில் ஆங்கிலம் கற்பித்த நகுலனுக்கு அதைச் செய்திருக்கிறோம். ஹெப்சிபாவுக்குச் செய்யவில்லை.

இதுவரை படித்த விதம்

‘புத்தம் வீடு’ பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் மூன்று வழிகளில் போகின்றன. பனையேறும் மக்களின் வாழ்வை நாவலுக்குள் கொண்டுவந்த முன்னோடி என்பது ஒன்று. குமரி வட்டார வழக்கை உயிரோடு பதித்த படைப்பு என்பது இன்னொன்று. எளிமையான, கனிவான காதல் கதை என்பது மூன்றாவது. மூன்றும் உண்மைதான். அக்கானி காய்ச்சும் புகை, கருப்பட்டி, பாளையருவாள், முருக்குத்தடி இவற்றோடு வாழும் மனிதர்கள் அதுவரை தமிழ் நாவலில் மையத்துக்கு வந்ததில்லை. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்து எட்டாண்டே ஆகியிருந்த காலம் அது. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இலும், நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968இலும் வந்தன. தென் திருவிதாங்கூர் தன் பேச்சைத் தமிழ் நாவலுக்குக் கொடுத்த அந்த நான்காண்டில் முதலில் நிற்பவர் ஹெப்சிபா.

ஆனால் வட்டாரம் என்ற சொல் ஒரு நாவலின் நிலத்தைத்தான் சொல்லும். அதன் கட்டுமானத்தைச் சொல்லாது. இந்த நாவலின் கட்டுமானம் என்ன? சரிந்துகொண்டிருக்கும் ஒரு பெரிய குடும்பம். அதன் மானத்தைத் தாங்குவதற்காக உள்ளே வைக்கப்பட்ட ஒரு பெண். சகோதரர்களுக்கு இடையே ஒரு கசப்பு. பிறகு ஒரு கொலை. குற்றமற்றவன் மேல் பழி. இந்த எலும்புக்கூட்டை மட்டும் தனியே எடுத்து, ஊர்ப் பெயரையும் பனையையும் மறைத்துவிட்டு, ஆங்கில நாவல் படித்த ஒருவரிடம் கொடுத்தால் அவர் தயங்காமல் ஒரு பெயர் சொல்வார்.

வாட்டர்ஃபோர்டின் ரெஜினா

கோதிக் என்ற சொல் திருவனந்தபுரத்துக்காரர்களுக்குக் கட்டடம் வழியாகப் பழக்கம். பாளையத்தில் இருக்கும் அரசு மத்திய நூலகம் 1829இல் தொடங்கப்பட்டது. அதன் பழைய கட்டடம் 1900இல் கோதிக் பாணியில் எழுந்தது. நாவல் வகையாக அந்தச் சொல் 1764ஐச் சேர்ந்தது. ஹொரேஸ் வால்போலின் ‘ஒட்ரான்டோ கோட்டை’ அந்த ஆண்டின் இறுதியில் அச்சாயிற்று. சிதிலமான கோட்டை, கொடிய குடும்பத் தலைவன், தப்பி ஓடும் பெண், மறைந்துபோன வாரிசு ஆகிய நான்கையும் அது வகுத்துவைத்தது.

அதே 1764இல் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டில் பிறந்தவர் ரெஜினா மரியா ரோஷ். அவருடைய ‘மடத்தின் குழந்தைகள்’ 1796இல் லண்டன் மினர்வா அச்சகத்திலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பதிப்புமேல் பதிப்பாக விற்றது. ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வில் ஹாரியட் என்ற பெண் படித்து மகிழும் நாவல்களில் அதுவும் ஒன்று. 1798இல் ரோஷ் எழுதிய ‘கிளெர்மாண்ட்’, ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’யில் ஒரு தோழி அடுக்கும் ஏழு பயங்கர நாவல்களில் இடம்பெற்றது. பிறகு காலம் ரோஷை விழுங்கியது. சட்டச் சிக்கலில் சொத்தை இழந்து, நலிந்து, 1845இல் பிறந்த ஊரிலேயே இறந்தார். அந்த ஏழு தலைப்புகளும் ஆஸ்டின் வேடிக்கைக்காகக் கற்பித்தவை என்று நம்பும் அளவுக்கு மறதி ஆழமாயிற்று. 1920களில் மைக்கேல் சாட்லியர், மாண்டேகு சம்மர்ஸ் போன்ற நூல் தேடிகள்தாம் அவை உண்மையான புத்தகங்கள் என்று நிறுவினார்கள்.

‘மடத்தின் குழந்தைகள்’ நாவலில் ஒரு காட்சி இங்கே நமக்கு வேண்டும். அமாண்டா என்ற பெண் டன்ரீத் மடத்துக்குப் போகிறாள். அவளுடைய தாயின் குடும்பத்துக்குரிய பழைய மாளிகை அது. அங்கே பல ஆண்டுகளாக அடைபட்டுக் கிடக்கும் ஒரு முதிய பெண்ணைக் காண்கிறாள். ஊர் பேய் என்று நினைத்திருக்கக்கூடிய உருவம், உயிரோடு பூட்டிவைக்கப்பட்ட டன்ரீத் சீமாட்டி. மறைக்கப்பட்ட உண்மையான உயிலை அமாண்டாவிடம் கொடுப்பவள் அவளே. சொத்து உரியவர்களிடம் திரும்புகிறது.

பேய் இல்லை, பூட்டப்பட்ட பெண்தான் இருக்கிறாள் என்ற இந்தக் கண்டுபிடிப்பே பெண்கள் எழுதிய கோதிக்கின் உயிர்நாடி. ஆன் ராட்கிளிஃப் முதல் ரோஷ் வரை பலரும் திரும்பத் திரும்ப அதையே எழுதினார்கள். 1976இல் எலன் மோயர்ஸ் என்ற விமரிசகர் இதற்கு ‘மகளிர் கோதிக்’ என்று பெயரிட்டார். ஆண் எழுதிய கோதிக்கில் பெண் கோட்டைக்குள் நுழைந்து பயப்படுகிறாள். பெண் எழுதியதில், வீடு என்று நாம் சொல்வதே ஒரு கோட்டையாக இருக்கலாம் என்ற சந்தேகம் கிளம்புகிறது.

தமிழுக்கு வந்ததும் வராததும்

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தமிழ் வாசகர்கள் மாளிகை மர்மங்களை ஏராளமாகப் படித்தார்கள். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவ்வழியில் பெயர் பெற்றார். வை.மு. கோதைநாயகி அம்மாள் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திக்கொண்டே நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். துப்பறியும் கதையும் அதில் உண்டு. ஆனால் கோதிக் இங்கே வந்து சேர்ந்தது மர்ம நாவல் என்ற உருவில். சுரங்க வழி வந்தது, ஆள்மாறாட்டம் வந்தது. ராட்கிளிஃபும் ரோஷும் எழுதிய அந்தச் சந்தேகம் வரவில்லை.

இதற்கு ஒரு விலை இருந்தது. சிறுபத்திரிகை சார்ந்த விமரிசனம் மர்ம நாவலிலிருந்து தன்னை விலக்கிக்கொண்டு வளர்ந்தது. கொலை, பழி, விசாரணை என்றாலே அது வணிகக் கதையின் சரக்கு என்ற எண்ணம் ஊன்றியது. ஒரு தீவிர நாவலில் கொலை வந்தால் அதை மன்னித்துக் கடந்துபோவதே மரியாதை என்றாயிற்று. ‘புத்தம் வீடு’ அந்த மரியாதைக்குப் பலியானது என்பது என் எண்ணம்.

இற்செறிப்பு

ஹெப்சிபாவுக்குக் கோதிக்கை எங்கிருந்தும் இறக்குமதி செய்யத் தேவை இருக்கவில்லை. அவர் வரலாறு எழுதிய இலக்கியத்தில் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. இற்செறிப்பு. தலைவியை வீட்டுக்குள் நிறுத்திக் காவல் செய்வது. களவு வெளிப்படத் தொடங்கியதும் தாய் ஐயுறுகிறாள், ஊரில் அலர் பரவுகிறது, கதவு அடைகிறது. அகப்பாடல்களில் இது ஒரு துறை. பிரிவின் அழகைக் கூட்டும் சூழல். தோழி தலைவனிடம் இற்செறிப்பை அறிவிப்பது, சீக்கிரம் வரைந்துகொள் என்று நெருக்குவதற்காக.

லிஸிக்குத் தோழி இல்லை. இதுதான் அகப்பாடலுக்கும் நாவலுக்கும் நடுவே உள்ள பெரிய வெளி. பாடலில் தலைவியின் மௌனத்தைத் தோழி பேசிவிடுகிறாள். நாவலில் அந்த மௌனம் பேசப்படாமல் நாள்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. வயதுக்கு வந்த பெண்ணை வெளியே விடாத வழக்கம் குடும்பத்தின் அந்தஸ்துக்கு அடையாளம். வேலைக்குப் போகாத பெண் இருக்கிறாள் என்று காட்டுவதே வசதி இருக்கிறது என்று காட்டுவது. வசதி போன பிறகும் அந்தக் காட்சி தொடர வேண்டியிருக்கிறது. லிஸியின் சிறை அன்பற்ற சிறையும் இல்லை. அவளைப் பூட்டுபவர்கள் அவளை நேசிப்பவர்கள். ரோஷின் டன்ரீத் சீமாட்டியைப் பூட்டியவர்களுக்குச் சொத்தாசை இருந்தது. புத்தம் வீட்டிலோ கொடியவன் என்று விரல் நீட்ட ஒருவரும் இல்லை. கண்ணப்பச்சியை வாசகரால் வெறுக்க முடியாது. வெறுக்க முடியாத ஒருவர் காவல் இருக்கும் கதவைத் திறப்பது எவ்வளவு கடினம் என்பதை ஹெப்சிபா அறிந்திருந்தார்.

இங்கே வரலாறும் சேர்ந்துகொள்கிறது. தென் திருவிதாங்கூரில் பெண் கல்விக்கு வழி திறந்ததில் லண்டன் மிஷன் முன்னின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாகர்கோவிலில் பெண்களுக்குப் பள்ளி வந்துவிட்டது. மேலாடை அணியும் உரிமைக்காக லிஸியின் சமூகமான நாடார் சமூகத்துப் பெண்கள் பட்ட அடியும் அவமானமும் 1859 பிரகடனம் வரை நீண்ட கதை. தெருவில் மானத்தோடு நடக்கும் உரிமையை அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற ஒரு சமூகம், நூறாண்டு கழித்துத் தன் பெண்ணைத் தெருவுக்கே விடாமல் வைக்கிறது. எழுத்தறிவு கொடுத்துவிட்டு, படித்ததை வைத்துக்கொண்டு உள்ளேயே இரு என்கிறது. லிஸியின் துயரத்தில் இந்த முரண் முழுவதும் தங்கியிருக்கிறது. ஆசிரியர் அதைச் சொற்பொழிவாக ஆக்காமல் விட்டது அவருடைய கலை.

அகமரபில் பனைக்கும் காதலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊர்த்தெருவில் வருவான். தன் காதலைப் பகிரங்கப்படுத்தி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் செயல் அது, மடலேறுதல் என்பார்கள். தங்கராஜும் பனையில் ஏறுகிறான், பிழைப்புக்காக. மடலேறுபவனுக்கு ஊர் இரங்கும். பனையேறுபவனுக்குப் பெண் கொடுக்காது. அகத்துறைகளை வரிசையாக அறிந்த ஒருவர் இந்த ஒப்புமையை எண்ணாமல் எழுதியிருப்பாரா என்று கேட்டுக்கொள்கிறேன். எண்ணினார் என்று நிறுவச் சான்று தேவையில்லை. பனை என்ற ஒரே மரம் இரண்டு இடத்திலும் நிற்கிறது, வாசகர் அதைப் பார்க்கலாம்.

வேடம் கலையாதவன்

கோதிக் நாவலின் மிகப் பழைய தந்திரம் பிறப்பு ரகசியம். ‘ஒட்ரான்டோ கோட்டை’யில் குடியானவனாக வரும் தியோடர் உண்மையில் கோட்டையின் வாரிசு. ரோஷின் நாவலிலும் வறுமையில் அலையும் அமாண்டா உயர்குடிச் சொத்துக்கு உரியவள். காதல் தடையைத் தாண்டுவதுபோல் தோன்றும். கடைசியில் தடையே இருந்ததில்லை என்று தெரியும். தகுதியற்றவர் என்று நினைத்தவர் தகுதியுடைய ரத்தம்.

திருவனந்தபுரத்திலேயே இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1891இல் வந்த சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’. பஞ்சவன்காட்டு யட்சிக் கதை, இறந்ததாக நம்பப்படும் காதலன், செம்பகசேரி வீட்டில் காத்திருக்கும் பாறுக்குட்டி என்று கோதிக்கின் சாயல் அடர்ந்த மலையாள நாவல் அது. அதில் காட்டுக்குள் திரியும் ‘பிராந்தன் சாந்நான்’ ஒரு புதிராக வருகிறான். பனையேறும் சமூகத்தின் பெயரைத் தாங்கிய பைத்தியக்காரன். கடைசியில் வேடம் கலைகிறது. அவன் உயர்குடியைச் சேர்ந்த அனந்தபத்மநாபன், பாறுக்குட்டியின் காதலன். சாந்நான் என்பது அவன் போட்டுக் கழற்றும் உடை.

எழுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே நகரத்திலிருந்து ஹெப்சிபா எழுதும்போது தங்கராஜ் எதையும் கழற்றுவதில்லை. அவனுக்குப் பிறப்பு ரகசியம் கிடையாது. யாருடைய வாரிசும் இல்லை. நாவலின் முதலில் பனையேறி வீட்டுப் பிள்ளையாக வந்தவன் முடிவிலும் அவனேதான். அப்படியே லிஸியை மணக்கிறான். பனை உடையவருக்கும் பனை ஏறுபவருக்கும் நடுவே, ஒரே சமூகத்துக்குள்ளேயே எழுந்த சுவர் இங்கே உண்மையான சுவர். அது மாயமாக மறைவதற்குக் கதை வழி வைக்கவில்லை. கோதிக்கின் எலும்புக்கூடு முழுவதையும் எடுத்துக்கொண்டு, அதன் மையத்திலிருந்த பிரபுத்துவ நம்பிக்கையை மட்டும் அகற்றிவிட்ட நாவல் இது. வட்டார நாவலாக மட்டும் படிக்கும்போது தங்கராஜ் பனையேறியாக இருப்பது இயல்பான செய்தி. சி.வி.யின் சாந்நானுக்கும் வால்போலின் தியோடருக்கும் பக்கத்தில் நிறுத்தும்போது, அவன் பனையேறியாகவே இருந்துவிடுவது ஒரு துணிச்சல்.

மறுப்புகளும் கொலையும்

இந்த வாசிப்புக்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. நாவலில் பேய் இல்லை, அச்சமூட்டும் நோக்கமும் இல்லை. நடை கனிவானது; பல இடங்களில் ஆசிரியர் புன்னகையோடு பேசுகிறார். முடிவு கிறிஸ்தவ நம்பிக்கையின் வெளிச்சத்தில் நிற்கிறது. அப்படியிருக்க கோதிக் என்பது வெளியிலிருந்து ஒட்டும் சீட்டு ஆகாதா?

பேய் பற்றிய மறுப்பை நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். இசக்கிக்கும் நீலிக்கும் வில்லுப்பாட்டு உள்ள மண் இது. கொல்லப்பட்ட பெண் யட்சியாகித் திரும்பிவரும் கதைகள் தலைக்குத் தலை தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் அவ்வளவு பேய்கள் இருந்தும் ஒன்றையும் அழைக்காமல் எழுதியது ஒரு தேர்வு. செத்த பிறகு பழிவாங்கும் பெண்ணை அவர் எழுதவில்லை. உயிரோடு காத்திருக்கும் பெண்ணை எழுதினார். கனிவைப் பற்றிய மறுப்பை ஒப்புக்கொள்கிறேன். ராட்கிளிஃபின் இருண்ட தாழ்வாரங்களின் குளிர் இதில் இல்லை. ஹெப்சிபா கோதிக் நாவல் எழுதினார் என்று நான் சொல்லவும் இல்லை. அவருடைய நாவல் அந்த மரபோடு பேசக்கூடியது என்பதுவரைதான் என் வாதம்.

கொலையைப் பற்றிய மறுப்பே மிகக் கனமானது. பிற்பகுதியில் கொலை வந்ததும் நாவல் நிதானத்தை இழந்து நாடகமாகிவிடுகிறது என்று கருதும் வாசகர்கள் உண்டு. முதல் வாசிப்பில் நானும் அப்படித்தான் நினைத்தேன். யார் கொன்றார் என்பதை, படிக்காதவர்களுக்காக, இங்கே விட்டுவிடுகிறேன். கொலை என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் போதும். அதுவரை அந்த வீட்டின் அந்தரங்கம் ஊருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் ஒரு பெண்ணின் இளமை முழுவதும் உள்ளே வைக்கப்பட்டது. ஒரு சாவோடு அந்தக் காவல் பொருளிழக்கிறது. சகோதரர்களின் கசப்பு, குடி, பணம் எல்லாம் ஊர் வாய்க்கு வந்துவிடுகின்றன. பழியோ வெளியே நிற்பவன் மேல், பனையேறியின் மேல், எந்த முயற்சியும் இல்லாமல் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆபத்து வெளியிலிருந்து வரும் என்று நம்பித்தான் வீடு கதவைச் சாத்தியது. கொலை நடந்த பிறகும் ஊர் அதையே நம்புகிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தவறு என்று காட்ட, இத்தனை மெல்லிய நடையில் எழுதப்பட்ட நாவலுக்கு ரத்தம் தேவைப்பட்டது.

நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ‘லிஸிஸ் லெகஸி’ என்று பெயர் வைத்தார்கள். லிஸிக்கு வந்துசேர்ந்த மரபுரிமை. கோதிக் நாவல்களின் கடைசி அத்தியாயத்தில் வாரிசுக்குக் கிடைக்கும் கோட்டையைப் போன்ற ஒலி அதில் இருக்கிறது. தமிழ்த் தலைப்பு அப்படி எதையும் தருவதில்லை. லிஸிக்குப் பிறகும் ஊர் அதைப் புத்தம் வீடு என்றுதான் சொல்லும்.